ஏரியல் ஸ்ட்ராப்ஸ்: ஆடவும் கற்றுக்கொடுக்கவும் என்ன பயிற்சி வேண்டும்?

சர்க்கஸ் கூடாரத்தின் உச்சியிலிருந்து இரண்டு நீளப் பட்டைகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சுருக்கு. கலைஞர் அந்தச் சுருக்குகளில் கைகளை நுழைத்து, மணிக்கட்டில் இறுக்கிக்கொண்டு, பட்டையைப் பிடித்தபடி மேலே எழும்புகிறார், சுழல்கிறார், ஒற்றைக் கையில் தொங்கியபடி உடலைக் கிடையாக நிறுத்துகிறார். இதுதான் ஏரியல் ஸ்ட்ராப்ஸ் (அந்தரத்தில் தொங்கும் இரட்டைப் பட்டையில் செய்யும் வித்தை). இனிச் சுருக்கமாகப் பட்டை என்றே சொல்கிறேன்.

சர்க்கஸில் பார் விளையாட்டு பார்த்திருக்கிறேனே, இது எப்படி வேறு என்று கேட்பீர்கள். பாரில் உட்காரலாம், முழங்காலை மடித்துத் தொங்கலாம். நீளத் துணியில் ஆடும் ஏரியல் சில்க்கில் காலில் துணியைச் சுற்றிக்கொண்டு சற்று மூச்சு வாங்கலாம். பட்டையில் இளைப்பாற இடமே கிடையாது. கால் தரையை விட்டதும் உடல் எடை அனேகமாக முழுவதையும் மணிக்கட்டு, முழங்கை, தோள் ஆகிய மூன்று மூட்டுகளே சுமக்கின்றன. எவ்வளவு காலம் பிடிக்கும், எந்த ஆசிரியரிடம் போகலாம், எப்போது பிறருக்குக் கற்றுக்கொடுக்கலாம் என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

இந்த வித்தை சீன மரபில் நெடுங்காலமாக இருந்துவருவது. முன்பு தோல் பட்டை, இன்று பருத்தி அல்லது நைலான், பாலியெஸ்டர் நாடா. சோவியத் சர்க்கஸ் கலைஞர்களும் இதைத் தங்கள் பாணியில் வளர்த்தார்கள். உலகெங்கும் பரவலாகத் தெரியவந்ததில் கனடாவின் சர்க் டு சொலே நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 2002இல் மாண்ட்ரியலில் தொடங்கிய அதன் 'வரேகாய்' நிகழ்ச்சியில், ஆண்ட்ரூ, கெவின் ஆதர்ட்டன் என்ற இங்கிலாந்து இரட்டைச் சகோதரர்கள் பட்டையில் பறந்தார்கள். இருவரும் அதற்கு முன் ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர்கள்.

அப்படியானால் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகியவர்கள் மட்டும்தான் தொடங்கலாமா? இல்லை. நடனம், யோகா, பாறை ஏற்றம், பளு தூக்குதல் எதிலிருந்தும் வருகிறார்கள், எதுவும் பழகாதவர்களும் வருகிறார்கள். ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்களுக்கு ஒரு அனுகூலம் உண்டு: தலைகீழாக இருக்கும்போது எது மேல், எது கீழ் என்று அவர்களுக்குக் குழப்பம் வராது. மற்றவர்களுக்கு அந்தத் தெளிவு வரச் சில மாதம் ஆகும், அவ்வளவுதான்.

பெண்களால் முடியுமா என்று இன்னமும் கேட்கிறார்கள். முடியும், ஏராளமானோர் செய்கிறார்கள். இங்கே தேவைப்படுவது மொத்த பலம் அல்ல, உடல் எடைக்கு ஏற்ற பலம். மேலுடம்புப் பலம் பெண்களுக்குக் கூடுவது சற்று மெதுவாக இருக்கலாம். ஆனால் தூக்க வேண்டிய எடையும் பெரும்பாலும் குறைவு.

வயது? வயது வந்தவர்கள் முப்பதிலும் நாற்பதிலும் தொடங்கலாம், பொறுமை மட்டும் இரட்டிப்பாக வேண்டும். சிறுவர்களுக்குத்தான் கவனம் அதிகம். அவர்களின் எலும்பு நுனிகளில் வளர்தட்டு (எலும்பு நீள்வதற்கு இடம் தரும் மெல்லிய குருத்தெலும்புப் பகுதி) இன்னும் மூடியிருக்காது. இரண்டு கைகளால் தொங்குவதும் உருள்வதும் விளையாட்டாகச் செய்யட்டும். ஒற்றைக் கையில் தொங்கி வீசுவதும் உயரத்திலிருந்து சட்டென இறங்கி நிற்பதும் பிறகு.

சிலர் மட்டும் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் பட்டையருகே போக வேண்டும். முன்பு தோள் நழுவியவர்கள், இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், கண் நீரழுத்த நோய் உள்ளவர்கள் இதில் சேர்வார்கள். தலைகீழாகத் தொங்கும்போது கண்ணிலும் தலையிலும் அழுத்தம் கூடும். மூட்டுகள் அளவுக்கு மீறி வளைபவர்கள் இன்னொரு வகை. அவர்களுக்கு ஆரம்பப் பாடங்கள் சுலபமாக வரும், அதனாலேயே ஆபத்தும் சீக்கிரம் வரும். வளைவு அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பிடித்து நிறுத்தும் பலத்தைத்தான் முதலில் சேர்க்க வேண்டும்.

தொடங்கும் முன் எவ்வளவு பலம் இருக்க வேண்டும்? எல்லோருக்கும் பொதுவான ஒரே அளவு கிடையாது. ஆனாலும் இந்த அளவு இருந்தால் பயமில்லாமல் தொடங்கலாம்: கம்பியில் அரை நிமிடம் தோளை இறக்கித் தொங்குவது, உடலை உதறாமல் ஐந்து புல்-அப் எடுப்பது, தொங்கியபடி நேரான கால்களைக் கம்பி வரை நிதானமாகத் தூக்குவது. இது இல்லையென்றால் வீட்டிலும் உடற்பயிற்சிக் கூடத்திலும் முதலில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று நான்கு மாதம் வீணே போகாது.

தோளை இறக்கித் தொங்குவது என்றால் என்ன? கம்பியைப் பிடித்துச் சும்மா தொங்கினால் தோள்கள் காதைத் தொடும் அளவுக்கு ஏறிவிடும், எடை முழுவதும் தசைநார்களில் (எலும்பையும் எலும்பையும் கட்டும் நார்கள்) விழும். அப்படியே தொங்கியபடி, முழங்கையை மடக்காமல், தோள்பட்டை எலும்புகளை மட்டும் கீழே இழுத்துப் பாருங்கள். கழுத்து நீளும், உடல் இரண்டு விரற்கடை மேலே வரும். இப்போது எடையைத் தசைகள் வாங்கிக்கொள்கின்றன. பட்டையில் செய்யும் அனேகமாக எல்லாமே இந்தச் சின்ன அசைவின் மேல்தான் நிற்கிறது. முதல் மாதத்தில் இதைச் சொல்லித் தராத ஆசிரியரிடம் இரண்டாம் மாதம் போக வேண்டாம்.

தோளுக்கு ஏன் இத்தனை பயம்? உடலிலேயே அதிகம் சுழலும் மூட்டு அது. சுழல வசதியாக அதன் குழி ஆழமில்லாமல் இருக்கிறது, மேற்கை எலும்பின் உருண்டையோ பெரியது. சிறு தட்டில் பெரிய எலுமிச்சையை நிறுத்தியது போன்ற ஏற்பாடு. அந்த உருண்டை நழுவாமல் காப்பது ரொட்டேட்டர் கஃப் (தோள் மூட்டைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் நான்கு சிறு தசைகளும் அவற்றின் நாண்களும்). கண்ணாடியில் பார்த்தால் தெரியாத இந்தத் தசைகளை யாரும் வளர்க்க ஆசைப்படுவதில்லை. பட்டைக்காரர்கள் மட்டும் ரப்பர் பட்டையை இழுத்து இழுத்து இவற்றுக்குத் தினமும் பயிற்சி கொடுத்தே ஆக வேண்டும்.

எவ்வளவு எடை விழும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீங்கள் 60 கிலோ என்று வையுங்கள். இரண்டு கைகளால் அசையாமல் தொங்கினால் ஒரு கைக்கு 30 கிலோ. ஒரு கையை விட்டால் மற்றக் கைக்கு 60. இதுவரை எளிது.

இப்போது ஊஞ்சல் போல வீசி ஆடுகிறீர்கள். செங்குத்துக் கோட்டிலிருந்து 60 பாகை உயரம் போய்த் திரும்பினால், அடிப்புள்ளியைக் கடக்கும்போது இழுவை உடல் எடையைப் போல இரண்டு மடங்கு, அதாவது 120 கிலோ. பட்டை கிடையாக வரும் அளவுக்கு, அதாவது 90 பாகை போய்த் திரும்பினால் மூன்று மடங்கு, 180 கிலோ. இது பள்ளியில் படித்த ஊசல் கணக்குதான். ஒற்றைக் கையில் இதைச் செய்பவரின் ஒரு தோள் அந்தக் கணத்தில் மூன்று ஆளைச் சுமக்கிறது. உயரத்திலிருந்து உருண்டு இறங்கிச் சட்டென நின்றால், எவ்வளவு திடீரென்று நின்றோம் என்பதைப் பொறுத்து இழுவை இன்னும் கூடும்.

அப்படியானால் எத்தனை நாளில் கற்கலாம்? நான் பார்த்தவரை மக்கள் ஏமாறும் இடம் இதுதான், அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். பயிற்சி தொடங்கி ஆறு, எட்டு வாரத்தில் பலம் கூடியது நன்றாகத் தெரியும். நேற்று முடியாதது இன்று முடியும். தசை இரத்த ஓட்டம் நிறைந்தது, சீக்கிரம் பழகிக்கொள்ளும். தசைநாண் (தசையை எலும்போடு கட்டும் கயிறு போன்ற பகுதி) அப்படியல்ல. அதற்கு இரத்த ஓட்டம் குறைவு, கெட்டிப்படப் பல மாதங்கள் எடுத்துக்கொள்ளும்.

ஆக, மூன்றாவது மாதத்தில் ஒரு இடைவெளி வருகிறது. தசை ஒற்றைக் கைக்குத் தயார், நாண் தயாரில்லை. மனம் குதிக்கிறது, பக்கத்தில் பழகுபவர் செய்கிறார், செல்போனில் காணொளிகள் வந்துகொண்டே இருக்கின்றன. முழங்கையின் உட்பக்க வலியும் தோளின் முன்பக்க வலியும் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் தொடங்குகின்றன. முதல் வருடம் முழுவதும் இரண்டு கை வேலைகளுக்கே கொடுங்கள் என்று அனுபவமுள்ள ஆசிரியர்கள் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். மேடையில் ஆடத் தகுந்த முழு உருப்படி கைவர மூன்று நான்கு வருடம் ஆவது சாதாரணம்.

அந்த முதல் வருடத்தில் என்னதான் செய்வார்கள்? தொங்குதல், கால் தூக்குதல், தலைகீழாக நிற்றல். அடுத்து பின்தொங்கல்: தொங்கியபடி கால்களைக் கைகளுக்கு நடுவே நுழைத்துப் பின்பக்கம் இறக்கி, தோள் பின்னோக்கித் திரும்பிய நிலையில் நின்று, அதே வழியில் திரும்பி வருவது. இறங்குவது எளிது, திரும்பி ஏறுவதுதான் சோதனை. ஏற முடியாத ஆழத்துக்கு இறங்கக் கூடாது.

பிறகு ரோல்-அப் (உடலைப் பின்னோக்கிச் சுழற்றிச் சுழற்றிப் பட்டையைக் கைகளில் சுற்றிக்கொண்டு மேலேறுதல்). ஒவ்வொரு சுழற்சிக்கும் பட்டை மணிக்கட்டிலும் முன்கையிலும் ஒரு சுற்று ஏறும், நீங்கள் ஒரு படி மேலே போவீர்கள். பட்டை வித்தையின் அடிப்படைப் பாடம் இதுதான் என்பேன். ஒரே தாளத்தில், இரு கைக்கும் சம எடை கொடுத்து, அவசரமில்லாமல் மூன்று ரோல்-அப் செய்பவரைப் பார்த்தாலே அவர் யாரிடம் படித்தார் என்பது பாதி தெரிந்துவிடும்.

ஒற்றைக் கை வேலைகள் அதற்குப் பிறகு. அதில் முதலில் எல்லோரும் ஆசைப்படுவது மீட்ஹுக் (ஒற்றைக் கையில் தொங்கியபடி இடுப்பைக் கையருகே ஏற்றி, கால்களை மடக்கி, உடலைப் பக்கவாட்டில் நிறுத்துதல்). இரண்டு பக்கமும் பழக வேண்டும். வலக்கை எளிதாக வருகிறது என்று அதிலேயே நின்றால், இரண்டு வருடம் கழித்து முதுகெலும்பும் தோளும் ஒரு பக்கமாக இழுக்கத் தொடங்கும். மேடையில் ஒரு பக்கம் ஆடினால் போதும். பயிற்சியில் இரு பக்கமும் வேண்டும்.

வாரத்துக்கு எத்தனை நாள்? பட்டையில் மூன்று நாள் போதும், இரண்டுக்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி. ஒன்றரை மணி நேர வகுப்பில் அரை மணி உடலைச் சூடேற்றவே போகும். மீதியில் பாதி நேரம் ஓய்வும் அடுத்தவரைப் பார்ப்பதும்தான். பார்ப்பதும் பாடம், அதைப் பின்னால் சொல்கிறேன். பட்டை முழுவதும் இழுக்கும் வேலை என்பதால் மற்ற நாட்களில் தள்ளும் வேலைகளும் வேண்டும்: தண்டால், கைகளில் நிற்பது, ரப்பர் பட்டைப் பயிற்சி.

மணிக்கட்டு வலிக்குமா? வலிக்கும், ஆரம்பத்தில் நன்றாகவே வலிக்கும். சுருக்கு எடையைத் தோலில் அழுத்துகிறது. மென்மையான துணிப்பட்டை ஒன்றை மணிக்கட்டில் சுற்றி அதன் மேல் சுருக்கைப் போடுவார்கள். தோல் சிவப்பதும் சிராய்ப்பதும் இயல்பு. மரத்துப்போவது இயல்பல்ல. கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டுத் தோலுக்கு அடியில் ஒரு உணர்வு நரம்பு ஓடுகிறது. சுருக்கு அதை நசுக்கினால் கட்டைவிரலின் புறப்பக்கம் மரத்துப்போகும், குறுகுறுக்கும். உடனே இறங்கி, சுருக்கின் இடத்தை மாற்றுங்கள். இறங்கிய பிறகும் மரப்பு நீடித்தால் அது சரியாகும் வரை பட்டையைத் தொட வேண்டாம்.

எந்த வலி பரவாயில்லை, எது கூடாது? மறுநாள் தசை முழுவதும் பரவிய, தொட்டால் நோகும் அசதி வரும், போகும். ஒரே புள்ளியில் குத்தும் வலி, மூட்டுக்குள் 'டக்' என்ற சத்தத்தோடு வரும் வலி, இரவில் தூக்கத்தைக் கலைக்கும் தோள் வலி ஆகியவற்றுக்கு அன்றே நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்டிடம் போக வேண்டும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு பழகுவதை நான் ஒருபோதும் ஒப்ப மாட்டேன். உடல் சொல்வதைக் கேட்க விடாமல் செய்துவிட்டு உயரத்துக்குப் போவது அது.

அடுத்து, எல்லோருக்கும் வரும் ஆசை: வீட்டிலேயே ஒரு ஜோடி பட்டையை வாங்கி மாட்டிக்கொள்ளலாமா? மின்விசிறி மாட்டும் கொக்கியில் கூடவே கூடாது. அது சில கிலோ எடையுள்ள விசிறிக்காகப் போட்டது. வாசல் நிலையில் திருகும் புல்-அப் கம்பியும் இதற்கு ஆகாது. மேலே நாம் போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள்: 60 கிலோ ஆள் வீசி ஆடினால் 180 கிலோ. ஆளைத் தூக்கும் கட்டுமானங்களில், வரக்கூடிய இழுவையைப் போலப் பத்து மடங்கு தாங்கும்படி பாகங்களைத் தேர்ந்தெடுப்பது பல இடங்களில் வழக்கம். வீட்டுக் கூரை அதைத் தாங்குமா என்பதைக் கட்டுமானப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும்.

பட்டைக்கு மேலே இருப்பவற்றைக் கற்பதும் பயிற்சியின் பகுதி. உத்தரத்தில் சுற்றிய ஸ்லிங் (எடை தாங்கும் வளைய நாடா), அதற்குக் கீழே காரபைனர் (திறந்து பூட்டும் உலோக வளையம்), அதில் ஸ்விவல் (பட்டை முறுக்கிக்கொள்ளாமல் சுழலவிடும் இணைப்பு), பிறகு பட்டை. ஒவ்வொன்றிலும் அது தாங்கும் இழுவை கிலோநியூட்டன் கணக்கில் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு கிலோநியூட்டன் ஏறத்தாழ 100 கிலோ எடைக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறும் முன் ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்த்து, கையால் தொட்டுச் சரிபார்க்க வேண்டும்: வளையம் பூட்டியிருக்கிறதா, தையல் பிரிந்திருக்கிறதா, சுருக்கு தேய்ந்திருக்கிறதா. வெயிலில் கிடந்த நைலான் பட்டை வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வலுவிழந்திருக்கலாம்.

இத்தனை கவனமும் தேர்ந்தவர்களுக்குத் தேவைப்படாது என்று நினைக்காதீர்கள். 2018 மார்ச் மாதம் அமெரிக்காவின் டாம்பா நகரில், சர்க் டு சொலேவின் 'வோல்டா' நிகழ்ச்சியில் பட்டையில் ஆடிக்கொண்டிருந்த யான் அர்னோ தவறி விழுந்து உயிரிழந்தார். பதினைந்து வருடங்களுக்கு மேல் அந்த நிறுவனத்தோடு இருந்தவர். உலகின் மிகத் திறமையானவர்களுள் ஒருவருக்கு, அரங்கம் நிறைந்த மக்கள் முன்னால் நடந்தது அது. பட்டைக்காரர்கள் பயிற்சியில் மெத்தையை விடுவதில்லை, உயரத்தை அவசரமாகக் கூட்டுவதில்லை. நீங்களும் அப்படியே இருங்கள்.

இனி மேடைக்கு வருவோம். வித்தைகள் தெரிந்தால் நிகழ்ச்சி ஆகிவிடுமா? ஆகாது. ஒரு தனி உருப்படி பெரும்பாலும் ஐந்தாறு நிமிடம்தான். அந்த ஐந்து நிமிடமும் மூச்சு தாங்க வேண்டும். தனித்தனியாகச் செய்யும்போது எளிதாக வரும் மீட்ஹுக் நான்காவது நிமிடத்தில் வராது. அதனால் உருப்படி அமைக்கும்போது கடினமானதை முன்பாதியில் வைத்து, நடுவே தரைக்கு வந்து நடக்கவோ ஆடவோ செய்து, கைக்கு அரை நிமிடம் ஓய்வு கொடுத்து, மீண்டும் ஏறுவார்கள். பார்வையாளர் அதை நடனமாகப் பார்ப்பார். கலைஞர் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார்.

இசையும் உடையும் சிறு விஷயம் போலத் தெரியும். முழுக்கை வழுவழுப்பான உடை போட்டால் பட்டை முன்கையில் நிற்காமல் வழுக்கும். கையில்லாத உடை போட்டால் தோல் உரியும். உடை தைத்தபின் அதே உடையில் குறைந்தது சில வாரம் பழகாமல் மேடை ஏறக் கூடாது.

பெரிய அரங்குகளில் பட்டையை மேலும் கீழும் இழுப்பது வின்ச் (கம்பிவடத்தைச் சுருட்டி ஏற்றி இறக்கும் இயந்திரம்). அதை இயக்குபவர் இசையைக் கேட்டு, உங்கள் அசைவைப் பார்த்து ஏற்றுவார், இறக்குவார். அவரும் உங்களோடு சேர்ந்து ஆடுபவர்தான், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நிற்கிறார். அவரோடு ஒத்திகை பார்க்காமல் ஆடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். நிறுத்து, இறக்கு என்பதற்கு ஒரு சைகையை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நன்றாக ஆடத் தெரிந்தவர் நன்றாகக் கற்றுக்கொடுப்பாரா? அதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஆடுபவர் தன் உடலுக்குள் இருந்து பட்டையை அறிகிறார். ஆசிரியர் அடுத்தவர் உடலை வெளியிலிருந்து படிக்க வேண்டும். இரண்டும் தனித்தனிப் பயிற்சி. இளம் வயதில் எளிதாகக் கைவந்தவர்களுக்கு, எளிதாக வராதவரிடம் என்ன சொல்வதென்றே பல நேரம் தெரியாது. தட்டுத்தடுமாறிக் கற்றவர்கள் நல்ல ஆசிரியர்களாக வருவதைப் பலமுறை பார்க்கலாம்.

ஆசிரியர் பயிற்சியில் முதலில் கண்ணைப் பழக்குகிறார்கள். மாணவர் ஏறும்போது புதியவரின் கண் கால்களுக்குப் போகும், அங்கேதான் அழகு இருக்கிறது. ஆசிரியரின் கண் மாணவரின் முதுகுக்குப் பின்னால் நின்று தோள்பட்டை எலும்புகளைப் பார்க்க வேண்டும். ஒன்று இறங்கியிருக்க மற்றொன்று ஏறுகிறதா? முழங்கை தன்னையறியாமல் மடிகிறதா? மூச்சை அடக்கிக்கொண்டாரா? இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் மாணவர் களைத்துவிட்டார் என்று பொருள், அவர் சொல்லாவிட்டாலும். வகுப்பில் அடுத்தவரைப் பார்ப்பதும் பாடம் என்றேனே, அது இதற்காகத்தான். மாணவராக இருக்கும்போதே இந்தக் கண்ணை வளர்க்கத் தொடங்கலாம்.

அடுத்தது தாங்கிப் பிடித்தல். எங்கே நின்று, எங்கே கை வைத்தால் விழுபவரின் தலையும் கழுத்தும் தப்பும் என்பதை வித்தைக்கு வித்தை தனியாகக் கற்க வேண்டும். பெரும்பாலும் இடுப்பருகே நின்று, கீழ்முதுகைத் தாங்குவார்கள், காலைப் பிடிப்பதில்லை. தொடும் முன் மாணவரிடம் கேட்டு, எங்கே தொடப்போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தொட வேண்டும். 'வேண்டாம்' என்றால், தொடாமல் செய்யக்கூடிய எளிய வடிவத்துக்கு மாற்றித் தர வேண்டும்.

மாட்டிக்கொண்டவரை இறக்குவது எப்படி? பட்டையில் இது மற்றக் கருவிகளை விட முக்கியம். கை சுருக்குக்குள் இருக்கிறது, எடை தொங்குவதால் சுருக்கு இறுகியிருக்கிறது, பலம் தீர்ந்த மாணவரால் தானாக வெளியே வர முடியாது. முதலில் எடையை நீக்க வேண்டும்: இரண்டு பேர் இடுப்பைத் தூக்கிப் பிடிக்க, பட்டை தளர்ந்ததும் சுருக்கை இளக்கிக் கையை எடுக்க வேண்டும். இதை வாயால் சொல்லிக் கொடுத்தால் போதாது, பயிற்சி ஆசிரியர்களை ஒருவரையொருவர் இறக்கிப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஆரம்ப மாணவர்களுக்குப் பட்டையைத் தாழ்வாகக் கட்டுவதும் இதனால்தான். கால் எட்டும் தூரத்தில் தரை இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

பாடத்தை எப்படி அடுக்குவது என்பதும் உண்டு. ஒரு வித்தையைப் பிரித்து, அதற்கு முன்னால் வர வேண்டியவை என்ன, அதில் எது தரையிலேயே படுத்துக்கொண்டு பழகக்கூடியது என்று ஆசிரியர் யோசிக்க வேண்டும். ஒவ்வொரு வகுப்பிலும் தானே ஏறிக் காட்டுபவர் சீக்கிரம் தன் தோளை இழப்பார். சொல்லால் விளக்கக் கற்பது ஆசிரியரின் உடலையும் காக்கிறது. இவற்றோடு முதலுதவியும், யார் எதுவரை கற்றார் என்ற குறிப்பேடும், காப்பீடும் சேரும்.

எல்லாவற்றையும் விடக் கடினமானது 'இன்னும் இல்லை' என்று சொல்வது. பணம் கட்டி வந்தவர், பலமும் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது, ஆறு மாதம்தான் ஆகியிருக்கிறது. அவரிடம் ஒற்றைக் கைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று முகம் கோணாமல் சொல்லி, அந்த நாட்களைச் சுவாரசியமாக நிரப்பவும் தெரிந்தவரே என் கணக்கில் பட்டை ஆசிரியர்.

இதற்கு உரிமம் உண்டா? உலகம் முழுக்கச் செல்லும் ஒரே சான்றிதழ் இல்லை. பல நாடுகளில் யார் வேண்டுமானாலும் தன்னை ஆசிரியர் என்று சொல்லிக்கொள்ளலாம். அதனால் எங்கே, எவ்வளவு நாள், யாரிடம் பயின்றார் என்று கேட்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழுகிறது.

முறையாகப் படிக்க எங்கே போவது? மாண்ட்ரியலின் தேசிய சர்க்கஸ் பள்ளி 1981 முதல் இயங்குகிறது. கலைஞர்களுக்கான பல வருடப் படிப்போடு, சர்க்கஸ் கற்றுத்தருபவர்களுக்கான தனிப் பயிற்சியும் அங்கே உண்டு. அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் பிராட்டில்பரோ என்ற சிற்றூரில் நியூ இங்கிலாந்து சர்க்கஸ் கலை மையம் இருக்கிறது. எல்சி ஸ்மித், செரனிட்டி ஸ்மித் ஃபோர்ச்சியன் என்ற இரட்டைச் சகோதரிகள் 2007இல் தொடங்கியது. மேடைக்குத் தயாராகும் பயிற்சியும் ஆசிரியர் பயிற்சியும் ஒரே கூரையின் கீழ் நடப்பது அதன் சிறப்பு. லண்டனின் தேசிய சர்க்கஸ் கலை மையம், பிரான்சில் ஷாலோன் நகரத்து தேசிய மையம், மெல்பர்னின் தேசிய நிறுவனம், 1927இல் தொடங்கிய மாஸ்கோ பள்ளி ஆகியவையும் பெயர் பெற்றவை. முழுநேரப் பள்ளிகளில் நுழையத் தேர்வு உண்டு. உடல் திறனோடு, மேடையில் நீங்கள் எப்படி நிற்கிறீர்கள் என்பதையும் பார்ப்பார்கள்.

தமிழ்நாட்டில் மல்லர் கம்பம் பழகியவர்கள் கேட்கக்கூடும்: விழுப்புரம் பக்கம் கயிற்று மல்லர் கம்பம் ஏறியிருக்கிறேன், அது உதவுமா? பிடியும் வயிற்றுப் பலமும் தலைகீழாகப் பயமின்றி இருப்பதும் அப்படியே உதவும். ஆனால் கயிற்றில் கால்விரல்களும் தொடைகளும் எடையில் பெரும்பங்கைச் சுமந்தன. பட்டையில் அந்தத் துணை இல்லை. தோளை மட்டும் புதிய மாணவரைப் போல முதலிலிருந்து தயார்படுத்துங்கள்.

பிழைப்பு நடக்குமா? மேடை வேலை ஒரே சீராக வருவதில்லை. சில மாதம் நிறைய வரும், சில மாதம் ஒன்றும் வராது. அதனால்தான் கலைஞர்கள் பலர் பாதி நேரம் கற்பிக்கிறார்கள், இரண்டையும் சேர்த்துப் பயில்வதில் நடைமுறை நன்மை அது. வாய்ப்புத் தேடும்போது வெட்டி ஒட்டாத, முழு உருப்படியின் காணொளி ஒன்று கேட்பார்கள். கூடவே ஒரு பக்கத் தொழில்நுட்பக் குறிப்பும் வேண்டும்: எவ்வளவு உயரம், எவ்வளவு இழுவை தாங்கும் தொங்குபுள்ளி, சுழலும்போது சுற்றிலும் எத்தனை மீட்டர் காலியிடம். இளம் கலைஞர்கள் குறிவைக்கும் மேடைகளில் ஒன்று, 1977 முதல் பாரிஸில் நடந்துவரும் 'நாளைய சர்க்கஸ்' விழா.

ஒரு பயிற்சிக் கூடத்துக்குப் போய் முதலில் என்ன பார்க்க வேண்டும்? சேருவதற்கு முன் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். சூடேற்றாமல் யாராவது ஏறுகிறார்களா, பட்டைக்குக் கீழே தடித்த மெத்தை இருக்கிறதா, ஒரே நேரத்தில் ஆசிரியர் எத்தனை பட்டையைக் கவனிக்கிறார் என்று பாருங்கள். மேலே உள்ள கட்டுமானத்தை யார் அமைத்தார், கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று கேளுங்கள். நல்ல கூடம் இந்தக் கேள்வியை வரவேற்கும், பதிலைத் தாளில் எடுத்தே காட்டும். கேட்டதும் எரிச்சல்படும் இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

முதல் வகுப்புக்குப் போகும்போது மோதிரம், வளையல், கைக்கயிறு, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள். இடுப்பை மூடும் நீளமான, உடலோடு ஒட்டிய பருத்திச் சட்டை, முழங்காலுக்குக் கீழே வரும் கால்சட்டை, மணிக்கட்டுக்கு ஒரு ஜோடி துணிப்பட்டை போதும். சொந்தப் பட்டை வாங்க அவசரம் வேண்டாம், ஆறு மாதம் கழித்து உங்கள் கைக்கு எந்த அகலமும் எந்தத் துணியும் ஒத்துவருகிறது என்று ஆசிரியரே சொல்வார். சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆன பிறகு போங்கள். தோளில் பழைய காயம் ஏதாவது இருந்தால், சிறியதாக இருந்தாலும், ஏறுவதற்கு முன் ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.